லாரி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் உடைந்த போல்ட்டும் புகைக் கசிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூனிலிருந்து மண்டலே, லாஷியோ, மூசே வரை சரக்கு ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களும் வண்டி உரிமையாளர்களும் பட்டறைக்கு நேரில் வந்தும் தொலைபேசியிலும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே எழுதிப் பதிலும் கொடுத்திருக்கிறேன். பர்மாவில் நம்மவர்கள் பலர் ஓட்டுவது ஜப்பானிலிருந்து பழைய வண்டியாக இறங்கிய ஹினோ, இசுஸு, ஃபூசோ, நிசான் டீசல் லாரிகள் என்பதால் அவற்றை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். சீன வண்டிக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் என்றால் சைலன்சர்தானே? அதில் போல்ட் எங்கே இருக்கிறது?

இல்லை. சைலன்சர் சேஸிஸுக்குக் கீழே, புகைக்குழாயின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. மேனிஃபோல்ட் என்பது எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டோடு பக்கவாட்டில் ஒட்டி நிற்கும் வார்ப்பிரும்புப் பகுதி. ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளிவரும் சூடான புகையை ஒன்றாகச் சேர்த்து டர்போவுக்கு, அதாவது புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளும் கருவிக்கு, அனுப்புவது அதன் வேலை. கேபினைத் தூக்கிப் பார்த்தால், டர்போ எதன்மேல் உட்கார்ந்திருக்கிறதோ அதுதான் மேனிஃபோல்ட்.

அதை ஹெட்டோடு பிடித்திருப்பவை போல்ட்கள், அல்லது ஒரு முனை ஹெட்டுக்குள்ளும் மறுமுனை நட்டோடும் நிற்கும் ஸ்டட்கள். ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே, கசிவைத் தடுக்கும் தகடான கேஸ்கெட் இருக்கும். முழுச் சுமையோடு ஏற்றம் ஏறும்போது டர்போவுக்குள் நுழையும் புகை 600 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். இந்தச் சூட்டில்தான் அந்த போல்ட்கள் வருடக்கணக்கில் வேலை செய்கின்றன.

அண்ணே, காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் "டிக் டிக்" என்று சத்தம் வருது, வண்டி சூடானதும் நின்னுடுது. வால்வு சத்தம்தானே இது?

வால்வாகவும் இருக்கலாம். ஆனால் குளிரில் கேட்டுச் சூட்டில் மறையும் சத்தம் என்றால் முதலில் மேனிஃபோல்டைச் சந்தேகிக்க வேண்டும். போல்ட் உடைந்த இடத்தில் மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விழுகிறது. ஒவ்வொரு முறை அந்தச் சிலிண்டர் புகையைத் தள்ளும்போதும் அந்த இடைவெளி வழியாக அது வெடித்து வெளியே வருகிறது. எஞ்சின் சூடானதும் இரும்பு விரிந்து இடைவெளி மூடிக்கொள்வதால் சத்தம் அடங்குகிறது. சத்தம் நின்றதால் குறை நீங்கியதாக நினைத்துவிடக் கூடாது. மறுநாள் காலையில் அது திரும்ப வரும், சில நாளில் சூட்டிலும் கேட்கத் தொடங்கும்.

கண்ணால் பார்க்க ஓர் அடையாளம் உண்டு. மேனிஃபோல்ட் ஹெட்டோடு சேரும் கோட்டில், விசிறி விரித்ததுபோல் கறுப்புக் கரி படிந்திருந்தால் கசிவு அந்த இடத்தில்தான். வால்வு இடைவெளி கூடியதால் வரும் சத்தத்துக்கு இந்தக் கரி இருக்காது.

கரி ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் சந்தேகமாக இருக்கிறது. கருவி எதுவும் இல்லாமல் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். எஞ்சின் முழுதும் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி மேனிஃபோல்டின் ஓரமாக மெதுவாகக் கொண்டுசெல்லுங்கள். ஊதுவத்திப் புகை திடீரென்று உதறி விலகும் இடத்தில் கசிவு இருக்கிறது. விசிறியின் காற்று புகையைக் கலைக்கும் என்பதால் ஓர் அட்டையைத் தடுப்பாக வைக்க வேண்டும். கையும் சட்டையும் விசிறி, பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டீசலோ எண்ணெயோ கசிகிற எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது.

இரண்டாவது வழி எனக்கு அதிகம் பிடித்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு, புகைக்குழாயின் வால் முனையில் ஒரு புளோயரால் குறைந்த அழுத்தத்தில் காற்றை உள்ளே செலுத்தி, மேனிஃபோல்டின் சேர்மானங்களில் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். குமிழி எழும் இடம் பொய் சொல்லாது. சத்தம் இல்லாமலும் அவசரம் இல்லாமலும் எல்லாச் சேர்மானங்களையும் இப்படிப் பார்த்துவிடலாம். எக்ஸாஸ்ட் பிரேக்கின் (புகைக்குழாயை மூடி வண்டியைப் பிடிக்கும் பிரேக்) வால்வு திறந்த நிலையில் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்; மூடியிருந்தால் காற்று மேனிஃபோல்ட் வரை வராது.

ஏன் எப்போதும் ஓரத்து போல்ட்டே உடைகிறது? நடுவில் இருப்பது உடைவதில்லையே?

வார்ப்பிரும்பு ஒரு மீட்டர் நீளத்தில், ஒவ்வொரு 100 டிகிரிக்கும் ஏறத்தாழ 1 மி.மீ. விரிகிறது. ஆறு சிலிண்டர் எஞ்சினின் மேனிஃபோல்ட் 80 செ.மீ. நீளம் என்றும், அது 500 டிகிரிக்குச் சூடாகிறது என்றும், உள்ளே தண்ணீர் ஓடுகிற ஹெட் 90 டிகிரியை ஒட்டியே நிற்கிறது என்றும் கணக்கிட்டுப் பாருங்கள்; மேனிஃபோல்ட் ஹெட்டைவிட 3 மி.மீ.க்கு மேல் கூடுதலாக நீள்கிறது. நடுப்பகுதி அசையாமல் நிற்க, இரண்டு ஓரங்களும் ஆளுக்கு ஒன்றரை மி.மீ. வெளியே தள்ளப்படுகின்றன. குளிரும்போது திரும்ப உள்ளே வருகின்றன. ஒரு கம்பியை இருபுறமும் மாற்றி மாற்றி வளைத்தால் எப்படி ஒரு கட்டத்தில் இற்றுப் போகிறதோ, அப்படித்தான் ஓரத்து போல்ட்டும் இற்றுப் போகிறது.

எஞ்சினைச் செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் மேனிஃபோல்டின் துளைகளை போல்ட்டைவிடப் பெரிதாக வைக்கிறார்கள். போல்ட்டை நீளமாக்கி, அதன் தலைக்குக் கீழே ஒரு தடித்த குழாய் வடிவ ஸ்பேசரைக் கொடுக்கிறார்கள், நீண்ட போல்ட் சிறிது நீண்டு வளைந்து கொடுக்கும் என்பதற்காக. பெரிய எஞ்சின்களில் மேனிஃபோல்டையே இரண்டு மூன்று துண்டுகளாகச் செய்து, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் சேர்மானத்தில் வளையங்களை வைத்திருக்கிறார்கள். அந்தச் சேர்மானம் கரி பிடித்து இறுகிவிட்டால், துண்டு துண்டாக இருந்தும் ஒரே கட்டையாகவே அது விரியும். பழைய வண்டிகளில் நான் மிகுதியாகப் பார்ப்பது இதைத்தான்.

மூசே லைன் ஓடுகிற வண்டிக்கே இது அதிகம் வருகிறது. ரங்கூனுக்குள் ஓடும் வண்டிக்கு அவ்வளவாக வருவதில்லை. காரணம் சாலையா, சுமையா?

இரண்டும்தான். மூசே போகும் வழியில், மண்டலேயிலிருந்து மேமியோ போவதற்குள் சாலை ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏறுகிறது. முழுச் சுமையோடு குறைந்த கியரில் ஏறும் வண்டியின் மேனிஃபோல்ட் அதிகபட்சச் சூட்டில் நெடுநேரம் இருக்கிறது. அதன்பின் கொக்தெயிக் பள்ளத்தாக்கில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது டீசல் நின்றுவிடுகிறது, எஞ்சின் வெறும் காற்றைத்தான் தள்ளுகிறது. மேனிஃபோல்ட் வேகமாகக் குளிர்கிறது. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மறுபக்கம் ஏறும்போது திரும்பவும் சூடு. முந்தைய பதிலில் சொன்ன விரிதலும் சுருங்குதலும் நகரத்தில் நாள் முழுவதும் ஓடினாலும் இந்த அளவுக்கு நடப்பதில்லை.

இதோடு ஒரு பழக்கமும் சேர்கிறது. ஏற்றம் முடிந்து சாப்பாட்டுக் கடையில் நிறுத்திய உடனே எஞ்சின்மீது தண்ணீர் அடித்துக் கழுவுவது. சூடான வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் போல்ட் மட்டுமல்ல, மேனிஃபோல்டே கீறிவிடும். உடன் வரும் ஸ்பேர் பையன்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

பன்னிரண்டில் ஒன்றுதானே உடைந்திருக்கிறது. அடுத்த டிரிப் முடித்துவிட்டுப் பார்க்கலாமா?

கசிவு இல்லை, சத்தம் இல்லை, கரியும் இல்லை, போல்ட்டின் தலை மட்டும் காணவில்லை என்றால் கையிலிருக்கும் சுமையை இறக்கிவிட்டு வரலாம். அதற்குமேல் தள்ளிப் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒன்று உடைந்தால் அதன் பாரம் பக்கத்து போல்ட்டுக்குப் போகிறது. ஒரு போல்ட்டாக வந்திருந்தால் அரை நாளில் முடியக்கூடிய வேலை, மூன்று உடைந்து மேனிஃபோல்டும் வளைந்து வந்தால் பல நாள் வேலையாகிறது.

கசிவு இருந்து, அதன் எதிரே டீசல் குழாய், இன்ஜெக்டரின் திரும்புகுழாய், ஒயர்க் கட்டு அல்லது பிரேக் காற்றுக்குழாய் இருந்தால் வண்டியை நகர்த்தவே வேண்டாம். அங்கே பீய்ச்சுவது சாதாரணப் புகை அன்று, ரப்பரை உருக்கி டீசலைப் பற்ற வைக்கக்கூடிய சூடு.

கேபினுக்குள் புகை வாசனை வருகிறது. ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டினால் போதாதா?

போதாது. ஓட்டும்போது ஜன்னல் திறந்திருந்தால் ஓரளவு காற்று வரும்; ஆனால் நம் ஓட்டுநர்கள் இரவில் வண்டியை ஓரம் கட்டி, ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பின்னாலுள்ள படுக்கையில் தூங்குகிறார்கள். மேனிஃபோல்ட் கேபினுக்கு நேர் கீழே இருக்கிறது. கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்திருந்தாலும் போதும், புகை நேராக உள்ளே ஏறிவிடும். டீசல் எஞ்சினில் கார்பன் மோனாக்சைடு பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவுதான்; ஆனால் அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, மூடிய கேபினில் மணிக்கணக்கில் சேரும்போது தூங்குகிறவருக்குத் தெரியாமலேயே ஆளை எடுத்துவிடும். தலைவலி, வாந்தி உணர்வு, காலையில் எழுந்ததும் மந்தம் என்று ஓட்டுநர் சொன்னால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

நீண்ட காலக் கேடு தனி. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் தொகுதியில் சேர்த்தது. கசிவைச் சரிசெய்யும்வரை அந்த வண்டியில் எஞ்சினை ஓடவிட்டு ஒருவரும் தூங்கக் கூடாது. உரிமையாளர்கள் இதை ஓர் உத்தரவாகவே சொல்ல வேண்டும்.

எக்ஸாஸ்ட் பிரேக் முன்போலப் பிடிக்கவில்லை. இதற்கும் உடைந்த போல்ட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

நிச்சயமாக உண்டு. எக்ஸாஸ்ட் பிரேக் புகைக்குழாயை மூடி, உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, அந்த அழுத்தத்தை எதிர்த்து எஞ்சின் சுற்ற வேண்டியிருப்பதால் வண்டியைப் பிடிக்கிறது. மேனிஃபோல்டில் கசிவு இருந்தால் அழுத்தம் தேங்காமல் அந்த வழியாக வெளியேறும். இறக்கத்தில் ஓட்டுநர் கால் பிரேக்கையே நம்ப வேண்டி வரும், டிரம் சூடாகும், பிரேக் மங்கும். கொக்தெயிக் போகிற வண்டிக்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. இறக்கத்தில் மட்டும் கசிவுச் சத்தம் பெரிதாகக் கேட்டால் அதற்கும் இந்தத் தேங்கிய அழுத்தமே காரணம்.

டர்போ தாமதமாக எழுவது, ஏற்றத்தில் இழுவை குறைவது, கரும்புகை, டீசல் கூடுதலாகக் குடிப்பது ஆகியவையும் இதே கசிவிலிருந்து வரக்கூடும். டர்போவைச் சுழற்ற வேண்டிய புகை அதற்கு முன்பே வெளியே போய்விடுகிறது. டர்போவை மாற்றச் சொல்லி யாராவது சொன்னால், முதலில் மேனிஃபோல்டைச் சோப்புத் தண்ணீரில் பாருங்கள்.

கடையில் சிவப்பு சிலிகான் பசை இருக்கிறது, சூடு தாங்கும் என்று எழுதியிருக்கிறது. அதைத் தடவி இறுக்கினால் நிற்காதா?

நிற்காது. அந்தப் பசைகள் பொதுவாக 300 அல்லது 350 டிகிரி வரைதான் தாங்கும். மேனிஃபோல்டின் சூடு என்னவென்று மேலே சொல்லியிருக்கிறேன். கருகித் தூளான பசை டர்போவின் சக்கரத்துக்குப் போகும். ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே கேஸ்கெட்டைத் தவிர வேறு எதையும் வைக்காதீர்கள். போல்ட் இல்லாத இடத்தைப் பசை இழுத்துப் பிடிக்காது.

வழியில் மாட்டிக்கொண்டால், பக்கத்திலுள்ள வேறொரு துளையில் போல்ட் போட்டு, ஒரு தடித்த பட்டையால் மேனிஃபோல்டின் காதை அழுத்திப் பிடிக்கும்படி ஒரு கிளாம்ப் செய்துகொள்ளலாம். ஊர் வந்து சேர அது போதும். அதை நிரந்தரமாக விட்டு வைத்த வண்டிகளில் பக்கத்துத் துளையும் கெட்டுப்போகிறது.

மேனிஃபோல்டைக் கழற்றினால் நல்ல போல்ட்டும் உடைந்துவிடுமே என்று பயமாக இருக்கிறது. உடையாமல் எப்படிக் கழற்றுவது?

பயம் நியாயமானது. துரு விடும் எண்ணெயை முதல் நாள் மாலையே எல்லா போல்ட்டுக்கும் விட்டு, இரவு ஊற விடுங்கள். காலையில் மீண்டும் ஒருமுறை விடுங்கள். ஸ்பானரைப் போட்டதும் கழற்றும் பக்கம் இழுக்காமல், இறுக்கும் பக்கம் மிகச் சிறிதளவு அசைத்துத் துருவை உடையுங்கள். பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்ப உள்ளே, மறுபடி எண்ணெய், மறுபடி வெளியே. இறுகுவதுபோல் கைக்குத் தெரிந்தால் நிறுத்தி, கேஸ் டார்ச்சால் போல்ட்டைச் சுற்றியுள்ள பகுதியைச் சூடாக்குங்கள். சூடு சற்று இறங்கும்போது மெழுகுவத்தியை மரையின் ஓரத்தில் தொட்டால், உருகிய மெழுகு இடுக்குக்குள் இழுக்கப்பட்டு நல்ல வழுக்கலைத் தரும். துரு விடும் எண்ணெய் தீப்பிடிக்கும் என்பதால் அதை விட்ட இடத்தைத் துடைத்து, டீசல் குழாய்களை மூடி, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்த பிறகே டார்ச்சை எடுக்க வேண்டும்.

ஓரத்து போல்ட்களிலிருந்து தொடங்கி நடுவை நோக்கிக் கழற்றுங்கள். கடைசி இரண்டையும் எடுப்பதற்குமுன் மேனிஃபோல்டுக்குத் தாங்கல் கொடுக்க வேண்டும். டர்போவோடு சேர்ந்து அது பத்து வீசைக்கும் மேல் எடை இருக்கும், கைநழுவினால் டர்போவின் எண்ணெய்க் குழாய் நசுங்கும்.

பழைய வண்டியில் கழற்றும் கேஸ்கெட் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். ஜப்பான் அதை ஏறக்குறைய முழுமையாகத் தடை செய்தது 2006-இல்தான். ஆகவே ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைக் கம்பி பிரஷ்ஷாலோ கிரைண்டராலோ உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். தண்ணீரால் நனைத்துச் சுரண்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

போல்ட்டின் தலை போய்த் துண்டு மட்டும் ஹெட்டுக்குள் நிற்கிறது. அதை எப்படி வெளியே எடுப்பது?

துண்டு எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வெளியே ஒரு விரல் அளவு நீட்டிக்கொண்டிருந்தால் பாதி வேலை முடிந்தது: முந்தைய பதிலில் சொன்ன எண்ணெயும் சூடும் கொடுத்து, பூட்டுப் பிளையரால் இறுகப் பிடித்து முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்கலாம்.

ஹெட்டின் மட்டத்துக்கே உடைந்திருந்தால், எனக்கு நம்பிக்கையான வழி வெல்டிங்தான். துண்டின் மேல் ஒரு வாஷரை வைத்து வாஷரைத் துண்டோடு வெல்ட் செய்து, அதன்மேல் ஒரு நட்டை வைத்து நட்டின் உள்பக்கம் நிரம்ப வெல்ட் செய்யுங்கள். போல்ட்டின் எஃகு வெல்டைப் பிடித்துக்கொள்ளும், சுற்றிலும் உள்ள வார்ப்பிரும்பு அவ்வளவு எளிதில் பிடிக்காது. சிவப்பு மறையும்வரை பொறுத்து, நட்டில் ஸ்பானரைப் போட்டு மெதுவாக அசைத்துத் திருப்புங்கள். வெல்டின் சூடு துருவைத் தளர்த்துவதால் பெரும்பாலும் வந்துவிடும். நட் பிடுங்கிக்கொண்டு வந்தால் சோர்ந்துவிடாமல் மறுபடியும் வெல்ட் செய்யுங்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் துண்டு சிறிது இளகுகிறது.

ஹெட்டுக்குள் ஆழமாக உடைந்திருந்தால் டிரில்தான். நடுவைக் கண்டுபிடித்துச் சென்டர் பஞ்ச் அடிப்பதில் எவ்வளவு நேரம் போனாலும் தவறில்லை. நடு தவறினால் டிரில் மரையைத் தின்றுவிடும். கடைசல் பட்டறையில் ஒரு புஷ் கடைந்து, மேனிஃபோல்டை அதன் இடத்தில் இரண்டு போல்ட்டால் பிடித்து, அந்தத் துளைக்குள் புஷ்ஷை வைத்து அதன் வழியாக டிரில் விட்டால் நடு தவறாது. முதலில் 3 மி.மீ. பிட், பிறகு படிப்படியாகப் பெரிது. இடப்பக்கம் சுற்றும் பிட் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். டிரில் போடும்போதே துண்டு கழன்று வருவதுண்டு. தொடங்குவதற்குமுன் ஹெட்டின் புகைத் துவாரங்களைத் துணியால் இறுக அடையுங்கள். ஒரு சிறிய இரும்புத் துருவல் உள்ளே விழுந்தாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அது டர்போவின் இறக்கையைத் தாக்கும்.

வெல்டிங் வைத்தால் எலக்ட்ரானிக் வண்டியில் கம்ப்யூட்டர் போய்விடும் என்கிறார்களே?

கவனக்குறைவாகச் செய்தால் போகும். காமன் ரெயில் எஞ்சின் (டீசல் செலுத்துவதைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் வகை) என்றால் இரண்டு பேட்டரிகளின் இணைப்பையும் எடுத்துவிட்டு, எஞ்சின் கம்ப்யூட்டரின் சாக்கெட்டுகளையும் பிரித்துவிட்டு, வெல்டிங்கின் எர்த் கிளாம்பை வெல்ட் செய்யும் இடத்துக்கு மிக அருகில் ஹெட்டிலேயே பிடிக்க வேண்டும். சேஸிஸில் எங்கோ ஓரிடத்தில் எர்த் கொடுத்தால் மின்சாரம் பேரிங்குகள் வழியாகவும் டர்போ வழியாகவும் போகக்கூடும்.

ஈஸி அவுட் போட்டுத் திருப்பினேன், அதுவும் உள்ளே உடைந்துவிட்டது. இப்போது டிரில் பிட்டே இறங்கவில்லை.

உடைந்த துண்டில் துளையிட்டு, அதற்குள் செலுத்தித் திருப்பி எடுக்கும் ஈஸி அவுட் மிகவும் கடினப்படுத்திய எஃகு. சாதாரண பிட் அதன்மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும். இனி கையில் முயல்வதை நிறுத்துங்கள். கார்பைடு பர் வைத்துப் பொறுமையாகத் தேய்த்து எடுக்கத் தெரிந்தவரிடமோ, மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் இயந்திரம் உள்ள பட்டறையிடமோ கொடுக்க வேண்டும். ஹெட்டைக் கழற்றித்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

தலை இற்று உடைந்த துண்டுக்கு மட்டும்தான் ஈஸி அவுட் பொருந்தும். துருப்பிடித்து இறுகியதால் முறுக்கி உடைந்த துண்டை, அந்த போல்ட்டின் முழுத் தடிப்பே அசைக்க முடியாதபோது, அதைவிட மெல்லிய ஈஸி அவுட் அசைக்காது.

டிரில் போடும்போது தண்ணீர் கசிந்தது. ஹெட் போய்விட்டதா?

உடனே அப்படி முடிவு செய்ய வேண்டாம். சில எஞ்சின்களில் ஸ்டட் துளைகளே தண்ணீர் ஓடும் அறை வரை திறந்திருக்கும். அப்படிப்பட்ட துளையில் புது ஸ்டட்டின் மரைக்குச் சூடு தாங்கும் மரைப் பசை போட்டு ஏற்றினால் போதும். திறந்திராத துளையின் அடிச்சுவரைத்தான் டிரில் துளைத்துவிட்டது என்றால், ஹெட்டைக் கழற்றி அழுத்தச் சோதனை செய்து, மரை புஷ் போட்டு அடைக்க முடியுமா என்று பட்டறைக்காரர் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த வேலையைத் தொடங்குமுன் ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிடுவதும், நல்ல துளை ஒன்றின் ஆழத்தை அளந்து டிரில் பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைப்பதும் நல்லது.

மரை போய்விட்டது. துளையைப் பெரிதாக்கி ஒரு சைஸ் பெரிய போல்ட் போட்டால் இன்னும் பலமாக இருக்குமே?

பலவீனமாகத்தான் இருக்கும். மேனிஃபோல்டின் துளை போல்ட்டைவிடப் பெரிதாக இருப்பது விரிவதற்கு இடம் கொடுக்கத்தான் என்று மேலே சொன்னேன். பெரிய போல்ட் போட்டால் அந்த இடம் போய்விடும்; மேனிஃபோல்ட் அந்த போல்ட்டையே தள்ளும். ஹெலிகாயில் எனப்படும் மரைச் சுருளோ, தடித்த மரை புஷ்ஷோ போட்டு, பழைய அளவுக்கே கொண்டுவாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கத்துக்கு நான் புஷ்ஷையே விரும்புகிறேன்.

எந்த போல்ட் வாங்குவது? ஸ்டெயின்லெஸ் நல்லதா, 12.9 நல்லதா?

அந்த எஞ்சினுக்கென்று செய்த ஸ்டட்தான் நல்லது. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் சாதாரண வகைகள் வார்ப்பிரும்பைவிட அதிகமாக விரிவதால் சூட்டில் பிடிமானம் தளர்கிறது, மரையும் ஒன்றோடொன்று அரைத்துப் பிடித்துக்கொள்ளும். 12.9 என்ற எண் குளிர்ந்த நிலையில் உள்ள பலத்தைச் சொல்கிறது. மேனிஃபோல்டின் சூட்டில் அந்தப் பலம் நிலைக்காது. நாகம் பூசிய பளபளப்பான போல்ட்டும் வேண்டாம், நாகம் 420 டிகிரியில் உருகிவிடும்.

மரையின் அளவைக் கட்டாயம் பாருங்கள். ஜப்பானிய எஞ்சின்களில் எம்10 (10 மி.மீ. தடிப்புள்ள) போல்ட்டுக்கு 1.25 மி.மீ. மரை இடைவெளி இருப்பது சகஜம். இரும்புக் கடைகளில் தாராளமாகக் கிடைப்பது 1.5. இரண்டு மூன்று சுற்று கையால் ஏறும், பிறகு இறுகும். ஸ்பானரால் இழுத்தால் ஹெட்டின் மரை போய்விடும். டேப் போட (துளைக்குள் புது மரை வெட்ட) வேண்டியிருந்தால் எம்10 1.25-க்கு 8.8 மி.மீ., எம்10 1.5-க்கு 8.5 மி.மீ., எம்8 1.25-க்கு 6.8 மி.மீ. பிட்.

தம்பி, மேனிஃபோல்டை லேத்துக்கு அனுப்பணும் என்று சொல்கிறாய். பார்க்க நேராகத்தானே இருக்கிறது?

கண்ணுக்குத் தெரிகிற வளைவு என்றால் அந்த மேனிஃபோல்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஹெட்டோடு சேரும் முகத்தைச் சுத்தம் செய்து, நேர்மட்டப் பட்டையை எல்லாத் துவாரங்களின் மீதும் நீளமாக வைத்து, நடுவில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். எஞ்சினின் மேனுவலில் உள்ள அளவே இறுதி. மேனுவல் இல்லாதபோது 0.2 மி.மீ. தகடு நுழைந்தால் நான் முகம் சீவ அனுப்பிவிடுகிறேன். வளைந்த மேனிஃபோல்டைப் புது போல்ட்டால் இழுத்து நேராக்க முயல்வது, அந்த போல்ட்டை இப்போதே பாதி உடைத்து வைப்பதற்குச் சமம்.

துண்டு துண்டான மேனிஃபோல்ட் என்றால், வழுக்கும் சேர்மானங்களைக் கரி நீக்கி, கையால் தள்ளினால் நகர்கிறதா என்று பார்த்து, வளையங்களை மாற்றி, ஒன்றாகப் பூட்டிய நிலையில்தான் சீவ வேண்டும். ஹெட்டின் முகத்தையும் அதே பட்டையால் பார்க்க மறக்காதீர்கள்.

இறுக்குவதில் ஏதாவது முறை இருக்கிறதா? என் மெக்கானிக் ஏர் கன்னால் ஒரே அடியாக இறுக்குகிறார்.

ஏர் கன் வேண்டாம். ஸ்டட்டைக் கையால் முழுதும் ஏற்றி, மரையில் நிக்கல் அல்லது செம்பு கலந்த, சூடு தாங்கும் கிரீஸை மெல்லியதாகத் தடவி, கேஸ்கெட்டின் பக்கம் சரியா என்று பார்த்து, எல்லா நட்டையும் கையால் சேர்த்த பிறகு டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பானர்) நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மாறி மாறி, இரண்டு மூன்று கட்டமாக இறுக்க வேண்டும். அளவு மேனுவலில் உள்ளதுதான். இன்னொரு எஞ்சினின் அளவைக் கடன் வாங்கக் கூடாது. உலர்ந்த மரைக்கென்று கொடுத்த அளவாக இருந்தால், கிரீஸ் போட்ட மரையில் அதே அளவு போல்ட்டை அதிகமாக இழுத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஸ்பேசரையும் பூட்டுத் தகட்டையும் "எதற்கு இது" என்று வெளியே வைத்துவிடாதீர்கள்.

எல்லாம் புதிதாகப் போட்டும் கொஞ்ச நாளில் அதே போல்ட் மறுபடி உடைகிறது. போல்ட்டே தரமில்லையா?

இந்தக் கேள்விக்காகவே மற்ற எல்லாவற்றையும் எழுதினேன் என்று சொல்லலாம். அதே இடத்தில் இரண்டாம் முறை உடைந்தால் போல்ட்டைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, அதை உடைப்பது எது என்று தேட வேண்டும். மேனிஃபோல்ட் தன் எடையையும் டர்போவையும் சுமக்கும்படிதான் செய்யப்பட்டது. முழுப் புகைக்குழாயையும் சுமப்பதற்கு அன்று. டர்போவுக்குப் பின்னால் குழாயைத் தாங்க எஞ்சினோடு ஒரு பிராக்கெட் இருக்கும், அதற்கு அடுத்து வளைந்து கொடுக்கும் பெல்லோஸ் குழாய் இருக்கும். நம் ஊரில் சேஸிஸை நீட்டி, பாடியை மாற்றிக் கட்டும்போது பிராக்கெட்டைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள்; பெல்லோஸ் கிழிந்தால் அந்த இடத்தில் நேர்க்குழாயை வெல்ட் செய்துவிடுகிறார்கள். அதன்பின் எஞ்சின் ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் சேஸிஸில் கட்டப்பட்ட குழாய் மேனிஃபோல்டைப் பிடித்து உலுக்குகிறது.

பார்க்க வேண்டியவற்றை நான் இந்த வரிசையில் பார்க்கிறேன்: பிராக்கெட் இருக்கிறதா, பெல்லோஸ் உயிரோடு இருக்கிறதா, எஞ்சின் மவுண்ட் ரப்பர் நசுங்கியிருக்கிறதா, சைலன்சரின் தொங்கல்கள் சரியா, மேனிஃபோல்டின் வழுக்கும் சேர்மானம் நகர்கிறதா, முகம் நேரா. டர்போவிலிருந்து குழாயைக் கழற்றும்போது அது ஒரு பக்கம் துள்ளி விலகினால், அத்தனை நாளும் அந்த இழுவிசையை போல்ட்தான் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. குழாய் தானாகவே துளைக்குத் துளை வந்து உட்கார வேண்டும். கடப்பாறை போட்டு நெம்பி உட்கார வைத்த குழாய் திரும்ப உடைக்கும்.

உடைந்த துண்டின் முகத்தையும் பாருங்கள். வழுவழுப்பான கறுத்த வளைகோடுகள் பெரும்பகுதியிலும், சொரசொரப்பான புதிய உடைவு ஓரத்தில் சிறிதளவும் இருந்தால், பல நாளாக ஆடி ஆடி இற்றது. முகம் முழுவதும் முறுக்கிய தடம் இருந்தால் அதிகமாக இறுக்கியதில் போனது.

எங்களிடம் இருப்பது சீன லாரி, ஹோவோ. ஹெட் வேலை பார்த்த பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது. ஏன்?

ஹோவோ லாரிகள் பலவற்றில் உள்ள டபிள்யூடி615 வகை எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி ஹெட் இருக்கிறது. ஆறு ஹெட்டின் எக்ஸாஸ்ட் முகங்களும் ஒரே நேர்கோட்டில் நிற்காவிட்டால், மேனிஃபோல்ட் ஒன்றில் அழுந்தி அடுத்ததில் எட்டாமல் நிற்கும். ஹெட் போல்ட்களை முழுதாக இறுக்குவதற்குமுன், நேர்மட்டப் பட்டையை எக்ஸாஸ்ட் முகங்களின் மீது வைத்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் இறுக்கியிருந்தால், இப்போது எத்தனை போல்ட் மாற்றினாலும் நிற்காது. ஹெட்களைத் தளர்த்தித் திரும்ப வரிசைப்படுத்தத்தான் வேண்டும், அதற்குப் புது ஹெட் கேஸ்கெட்டும் தேவைப்படும்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது நான் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

குளிர்ந்த எஞ்சினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். மேலே சொன்ன சத்தம் இருக்கக் கூடாது. சோப்புத் தண்ணீர்ச் சோதனையைக் காட்டச் சொல்லுங்கள். டர்போவின் எண்ணெய்க் குழாய்ச் சேர்மானங்களில் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெப்பத்தைத் தடுக்கும் தகட்டைத் திரும்ப மாட்டியிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஒயர்க் கட்டு வெந்துவிடும். கிரீஸும் துரு எண்ணெயும் எரிவதால் முதல் ஓட்டத்தில் சிறிது புகை வருவது இயல்பு.

முதல் நீண்ட ஓட்டம் முடிந்து எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு, மேனுவல் மறுக்காத பட்சத்தில், எல்லா நட்டையும் அதே அளவுக்கு டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மூசே போகும் வண்டி என்றால் மண்டலேயில் இரவு நிறுத்தி, காலையில் மேமியோ ஏற்றம் ஏறுவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.